செவ்வாயில் உடைப்பெடுத்த வெள்ளம்

மாரினர் 9 விண்கலம் 1971 நவம்பர் 14 அன்று செவ்வாயைச் சென்றடைந்தபோது அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கோள் முழுவதையும் புழுதிப் புயல் போர்த்திக் கிடந்தது. பூமியைத் தவிர வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் கலம் அதுதான். ஆனால் அது அனுப்பிய படங்களில் மங்கல் வெளிச்சமும் நான்கு கரும்புள்ளிகளும் மட்டுமே தெரிந்தன. சில நாள் கழித்து வந்த இரண்டு சோவியத் கலங்களுக்குக் காத்திருக்க வழியில்லை. அவை தங்கள் தரையிறங்கிகளைப் புயலுக்குள்ளேயே இறக்கிவிட்டன. ஒன்று நொறுங்கியது, மற்றொன்று சில நொடிகள் பேசிவிட்டு ஓய்ந்துபோனது. மாரினர் மட்டும் சுற்றிக்கொண்டே பொறுத்திருந்தது.

புழுதி படியப் படிய உயரமான இடங்கள் முதலில் வெளிப்பட்டன. கரும்புள்ளிகள் நான்கும் மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்று தெரிந்தது. 1972 பிறந்து தாழ்நிலங்களும் தெளிந்தபோதுதான் எவரும் எதிர்பாராத அந்தக் காட்சி கிடைத்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத கோளில் ஆற்றுத் தடங்கள்! அதுவும் நம் பூமியின் எந்த ஆற்றுக்கும் இல்லாத அகலத்தில்.

எவரும் எதிர்பாராததற்குக் காரணம் உண்டு. 1965 ஜூலையில் அவ்வழியே பறந்துபோன மாரினர் 4 மொத்தம் 22 படங்களை எடுத்தது. அவற்றில் தெரிந்தவை நிலவில் இருப்பதைப் போன்ற குழிகள்தான். செவ்வாயும் ஒரு செத்த உலகம், நிலவின் அண்ணன் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கும் முன்னால், பெர்சிவல் லோவல் அமெரிக்காவில் தம் தொலைநோக்கியில் கண்டதாக வரைந்த நேர்கோட்டுக் கால்வாய்களோ வெறும் கண்மயக்கம். அவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. மனிதன் கற்பனையில் வெட்டிய கால்வாய்கள் அழிந்துபோன பிறகு, படைத்தவன் வெட்டிய கால்வாய்கள் வெளியே வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது. கற்பனைக் கால்வாய்கள் இவற்றுக்கு முன்னால் எவ்வளவு சின்னவை!

காசெய் என்ற பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து வால்வரை 2000 கி.மீ.-க்கும் மேல் ஓடுகிறது. சில இடங்களில் கரைக்குக் கரை 300 கி.மீ.-ஐத் தாண்டும். ஆரெஸ் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1700 கி.மீ. நீளம். இவையும் தியூ, சிமூத், மாஜா, ஷல்பட்டானா போன்றவையும் வடக்கே கிரைசி என்ற தாழ்ந்த சமவெளியை நோக்கியே வந்து சேர்கின்றன. பெயர்கள் விசித்திரமாக இருக்கின்றனவே என்று நினைக்க வேண்டாம். செவ்வாயின் பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் பல மொழிகளில் செவ்வாய்க்கு வழங்கும் பெயர்களையே சூட்டுவது வழக்கம். சமஸ்கிருதப் பெயரைத் தாங்கிய மங்களப் பள்ளத்தாக்கும் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தடங்கள் தொடங்கும் விதம்தான் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. நமக்குத் தெரிந்த ஆறு எப்படிப் பிறக்கிறது? மலைமேல் மழை பெய்து, ஓடைகள் கூடிச் சிற்றாறாகி, சிற்றாறுகள் கூடிப் பேராறாகிறது. மேலே போகப் போக மெலிந்து கிளை பிரியும். செவ்வாயின் இந்தப் பெருந்தடங்களுக்கோ மேலே கிளைகள் இல்லை. ஓரிடத்தில் திடீரென்று முழு அகலத்தோடு பிறந்துவிடுகின்றன. பிறந்த இடத்தைப் பார்த்தால், நிலம் இடிந்து, உள்வாங்கி, பெரும்பெரும் பாளங்களாக நொறுங்கிக் கிடக்கிறது. அடியில் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை உருவிவிட்டதுபோல் நிலத்தின் மேல்தளம் சரிந்திருக்கிறது. இப்படி இடிந்து கிடக்கும் இடத்தைக் குலைநிலம் என்கிறார்கள். ஆரெஸ் தடத்துக்கு நீர் தந்த அராம் என்ற குலைநிலம் மட்டும் 280 கி.மீ. குறுக்களவு கொண்டது. இன்னொரு குலைநிலத்தின் பெயர் ஹைடாஸ்பிஸ். நம் ஜீலம் நதிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரின் வழி வந்தது அது.

இன்னோர் அடையாளமும் இருந்தது. ஆரெஸ் தடத்தின் வாய்ப்பக்கம் கண்ணீர்த்துளி வடிவில் திட்டுகள். ஒவ்வொன்றும் பல்லாயிரம் மீட்டர் நீளம், 400 முதல் 600 மீட்டர் வரை உயரம். தெற்கே பார்த்த தலைப்பக்கத்தில் வட்டமான விண்கல் குழி, வடக்கே கூராக நீண்ட வால். ஆற்று மணலில் ஓடும் நீரில் குதிகாலை ஊன்றி நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீர் காலின் இருபுறமும் பிரிந்து ஓட, பின்னால் மணல் ஒரு வாலாகச் சேரும். அங்கே காலுக்குப் பதில் 8, 10 கி.மீ. அகலமுள்ள குழியின் கெட்டியான விளிம்பு நின்றிருக்கிறது. வெள்ளம் அதை மோதிப் பிரிந்து, தாண்டிப்போய் மறுபடி சேர்ந்திருக்கிறது. அந்த விளிம்பின் மறைவில் இருந்த நிலம் தப்பியது, மற்றது போயிற்று.

வெள்ளம் என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் படங்களை வாசிக்கத் தேவையான அரிச்சுவடி அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் கிடைத்திருந்தது. அதைக் கண்டெடுத்தவரை அப்போது யாரும் நம்பவில்லை.

ஜே ஹார்லன் பிரெட்ஸ் சியாட்டில் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு நிலவியலுக்கு வந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1922 கோடையில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியைச் சுற்றத் தொடங்கினார். அது எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் மேட்டுநிலம். மேலே வளமான மண், கோதுமை வயல்கள். ஆனால் நடுநடுவே யாரோ தோலை உரித்தெடுத்தாற்போல் வெறும் கரும்பாறை தெரிகிறது. ஊர்க்காரர்கள் அந்த இடங்களை ஆறாத புண்ணின் பொருக்காகப் பார்த்து ஸ்கேப்லாண்ட் என்றார்கள். ஆறே இல்லாத ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், குளம் அளவுக்குக் குடையப்பட்ட பாறைக் குழிகள், எந்த மலையிலிருந்து வந்தன என்று தெரியாத பெரும்பாறைகள் எல்லாம் அங்கே கிடந்தன. ஓரிடத்தில் ஐந்தரை கி.மீ. அகலத்துக்கு 120 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர் நிற்கிறது. அருவிக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு, நீர் மட்டும் இல்லை.

பிரெட்ஸ் நடந்தார், அளந்தார், வரைந்தார். 1923-இல் எழுதினார்: இது ஆண்டுக்கணக்கில் ஓடிய ஆற்றின் வேலை அல்ல, ஒரே வெள்ளம், கற்பனைக்கு எட்டாத பெருவெள்ளம், குறுகிய காலத்தில் இதையெல்லாம் செய்துவிட்டது.

அந்தக் காலத்து நிலவியலாளர்களுக்கு இது காதால் கேட்கக்கூடாத பேச்சு. வேதாகமப் பிரளயக் கதையிலிருந்து தங்கள் துறையை அவர்கள் அரும்பாடுபட்டுப் பிரித்தெடுத்திருந்தார்கள். மெல்ல மெல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளில், மழையும் ஆறும் பனியும் அரித்தே நிலம் உருவானது என்பது அவர்களுக்கு ஆதாரக் கொள்கை. இந்த மனிதர் மறுபடி பிரளயத்தைக் கொண்டு வருகிறாரே! 1927 ஜனவரி 12 அன்று தலைநகர் வாஷிங்டனில் கூட்டம் கூட்டி அவரைப் பேசவிட்டார்கள். பேசி முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மறுத்தார்கள். மறுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிலத்தைக் காலால் மிதித்தவர்கள் அல்லர். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் பிரெட்ஸிடம் நல்ல விடை இல்லை.

விடை தெரிந்தவர் ஒருவர் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார். ஜோசப் பார்டி என்பவர். மொன்டானா மாநிலத்தில் பனியுகத்தின்போது மிசூலா என்ற ஏரி இருந்ததை 1910-இலேயே எழுதியவர். வடக்கிலிருந்து இறங்கிய பனிப்பாளம் ஒன்று கிளார்க் போர்க் ஆற்றின் குறுக்கே 600 மீட்டருக்கும் உயரமான பனி அணையாக நின்றது. அதன் பின்னால் 2000 கன கி.மீ. நீர் தேங்கியது. பனி நீரில் மிதக்கும் பொருள் அல்லவா? ஏரி நிறைந்து அழுத்தம் ஏற ஏற, அணை அடியில் இற்று உடைந்தது. ஏரி முழுவதும் சில நாட்களில் காலியானது. பார்டி அன்று வாய் திறக்கவில்லை. 1942-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஏரிப் படுகையின் தரையில் கண்ட அலைவரிகளை விவரித்தார். ஆற்றங்கரை மணலில் விரலளவு உயரத்தில் பார்க்கிறோமே, அதே அலைவரிகள்தான். ஆனால் சரளைக்கல்லால் ஆனவை, சில இடங்களில் 10 மீட்டர் உயரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 100 மீட்டர். தரையில் நின்று பார்த்தால் மேடுபள்ளமான புல்வெளி, அவ்வளவே. வானிலிருந்து பார்த்தால்தான் அலை தெரியும்.

பனி அணை மறுபடி வளர்ந்து ஏரி மறுபடி நிரம்ப, மறுபடி உடைந்திருக்கிறது. ஒரு முறையல்ல, பல பத்து முறை என்று பின்னால் வந்தவர்கள் வண்டல் அடுக்குகளை எண்ணிச் சொன்னார்கள். வெள்ளம் ஒன்றுதான் என்ற பிரெட்ஸின் கணக்கு அங்கே மட்டும் திருத்தம் பெற்றது. உச்சத்தில் நொடிக்கு ஒரு கோடி கன மீட்டருக்கும் மேல் ஓடியதாக மதிப்பிடுகிறார்கள். அமேசான் ஆறு கடலில் கொட்டுவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கன மீட்டர்தான்.

அத்தகைய நீர் பாறையைக் கரைப்பதில்லை, பிடுங்குகிறது. பசால்ட் குளிர்ந்து உறையும்போது சுருங்கி, ஆறு பக்கத் தூண்களாகப் பிளந்து நிற்கும். ஆழமும் வேகமும் மிகுந்த வெள்ளத்தில் செங்குத்தான சுழிகள் எழும். சூறாவளியின் நடுவே காற்றழுத்தம் குறைவதுபோல் சுழியின் நடுவே அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் தூண்கள் வேரோடு கழன்று மேலே வருகின்றன. இன்னும் வேகம் கூடினால் நீருக்குள்ளேயே ஆவிக்குமிழ்கள் பிறந்து, பாறைமேல் பட்டு வெடிப்பதுபோல் அடங்கி, ஒவ்வொன்றும் சுத்தியல் அடியாக இறங்கும். விரலிடுக்கில் வழிந்துபோகும் தண்ணீருக்குள் இப்படி ஒரு ஆற்றலை ஒளித்துவைத்தவன் எவனோ, அவனை எண்ணும்போது எனக்கு முதலில் வருவது பக்தியைவிட அச்சம்தான்.

1965-இல் பல நாட்டு நிலவியலாளர்கள் அந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உடல்நலக் குறைவால் வர இயலாமல் வீட்டிலிருந்த பிரெட்ஸுக்குத் தந்தி அடித்தார்கள்: நாங்களும் இப்போது உங்கள் கட்சி என்ற பொருளில். 1979-இல் அமெரிக்க நிலவியல் கழகம் தன் உயரிய பென்ரோஸ் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அப்போது அவர் வயது தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருந்தது. அவரை எதிர்த்தவர்கள் பெரும்பாலோர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார்கள்.

இந்த இரண்டு கதைகளும் சந்தித்த இடம் விக்டர் பேக்கர் என்ற இளம் நிலவியலாளரின் மேசை. ஸ்கேப்லாண்ட் வெள்ளத்தின் ஆழம், வேகம், சரிவு எல்லாவற்றையும் கணக்கிட்டு அவர் 1973-இல் நூல் எழுதினார். அதற்குள் மாரினர் 9-இன் படங்கள் வந்து குவிந்திருந்தன. மொத்தம் 7329 படங்கள். 1974-இல் பேக்கரும் டேனியல் மில்டனும் சேர்ந்து எழுதிய கட்டுரை இரண்டு உலகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பின்னிப் பிரியும் தடங்கள், உரித்தெடுத்த தரை, நீளவாக்கில் கீறிய வரிப்பள்ளங்கள், உட்குடைந்த குழிகள், வாலோடு கூடிய திட்டுகள்: இங்கே உள்ளதெல்லாம் அங்கேயும் இருந்தன.

திட்டுகளின் கணக்குத்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. நீரோட்டத்தின் நடுவே நிற்கும் பொருள் நீருக்கு மிகக் குறைவாகத் தடையாக இருக்க வேண்டுமானால் அதன் நீளம் அகலத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்க வேண்டும். வெள்ளம் நிலத்தை அரித்து அரித்து அந்த வடிவத்துக்கே கொண்டுவருகிறது. ஸ்கேப்லாண்டின் திட்டுகளை அளந்தால் அந்த விகிதம் வருகிறது. செவ்வாயின் திட்டுகளை அளந்தாலும் ஏறக்குறைய அதுவே வருகிறது. ஈர்ப்பு வேறு, காற்று வேறு, காலம் முந்நூறு கோடி ஆண்டுக்கு முந்தையது. ஆனாலும் நீர் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. படைப்பின் சட்டத்துக்கு இந்த ஊர், அந்த ஊர் என்ற எல்லை கிடையாது. தெய்வத்தின் இருப்பை ஏதோ ஒழுங்கு மீறிய அற்புதத்தில் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கோ இந்த ஒழுங்குதான் அற்புதம். சட்டம் ஒன்றாக இருந்ததால்தான் மொன்டானாவின் சரளைக்கல் மேட்டில் நின்ற ஒருவர் செவ்வாயை வாசிக்க நமக்குக் கற்றுத்தர முடிந்தது.

இங்கே பனி அணை. அங்கே? அதற்கான விளக்கத்தை 1979-இல் மைக்கேல் கார் என்பவர் விரிவாகத் தந்தார். செவ்வாய் குளிரத் தொடங்கியபோது நிலம் மேலிருந்து கீழாக உறைந்தது. நூற்றுக்கணக்கான மீட்டர், பின்னர் கி.மீ. கணக்கில் தடித்த உறைமண் பூட்டுப் போட்டது. அதற்கும் கீழே, கோளின் உள்வெப்பம் காத்ததால், நொறுங்கிய பாறை இடுக்குகளில் நீர் நீராகவே இருந்தது. உயர்ந்த நிலத்தின் அடியில் இருந்த நீரின் எடை, தாழ்ந்த நிலத்தின் அடியில் இருந்த நீரை நெருக்கியது. மேலே போக வழியில்லை. பக்கவாட்டிலும் வழியில்லை. இப்படி எத்தனை காலம் காத்திருந்ததோ தெரியாது. விண்கல் ஒன்று விழுந்து மூடியைப் பிளந்தாலோ, எரிமலைக் குழம்பு கீழிருந்து வெடிப்பு உண்டாக்கினாலோ, நிலம் பிளந்தாலோ போதும். அடக்கி வைத்த நீர் நுங்கும் நுரையுமாகப் பீறிட்டு வெளியேறும். போகும்போது தன்னைத் தாங்கிய பாறையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடிமானம் போன நிலம் மேலே இடிந்து விழும். அதுதான் குலைநிலம். அழுத்தம் தணிந்ததும் வாய் மறுபடி உறைந்து மூடிக்கொள்ளும். உள்ளே மறுபடி நீர் ஊறினால் மறுபடி உடைப்பு. பல தடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வெள்ளங்கள் போன அடையாளம் இருப்பதற்கு இதுவே பொருத்தமான காரணம்.

எவ்வளவு நீர்? மதிப்பீடுகள் பல மடங்கு வேறுபடுகின்றன. குறைந்த மதிப்பீடே நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர் என்கிறது. கூடிய மதிப்பீடு அதைப்போல் ஆயிரம் மடங்கு. தடம் விளிம்புவரை நிரம்பி ஓடியது என்று கொண்டால் பெரிய எண் வரும். பல வெள்ளங்கள் சேர்ந்து படிப்படியாக ஆழப்படுத்தின என்றால் சிறிய எண் வரும். எனக்குப் பின்னதே நம்பத்தக்கதாகப் படுகிறது. ஸ்கேப்லாண்டிலும் கடைசியில் அப்படித்தானே தெரியவந்தது.

குளிரில் உறைந்துவிடாதா என்று கேட்கலாம். இன்றைய செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 டிகிரி. ஒரு குவளை நீரைத் தரையில் ஊற்றினால் கொதித்துக்கொண்டே உறையும். ஆனால் பல பத்து மீட்டர் ஆழத்தில் புரண்டோடும் வெள்ளத்தை உறைய வைக்க அந்தக் குளிருக்கு அவகாசம் கிடைக்காது. மேற்பரப்பில் பனிக்கட்டி படரும், அதுவே போர்வையாகிக் கீழே ஓடும் நீரைக் காக்கும். வெள்ளம் நூற்றுக்கணக்கான கி.மீ. போன பிறகே சமவெளியில் பரவி உறையும். இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பெருந்தடங்கள் இருப்பதால் மட்டும் செவ்வாய் ஒரு காலத்தில் வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது; குளிர்ந்த கோளிலும் இவை உருவாகும். மழையோ பனியுருகலோ தேவைப்படுபவை இவற்றைவிடப் பழைய, கிளை விரிந்த சிறு பள்ளத்தாக்குகள். அவற்றையும் இவற்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும் கட்டுரைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடுதான் என்பதால் நீர் சற்று மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அதே காரணத்தால் கல்லும் மண்ணும் சீக்கிரம் அடியில் படியாது. வெள்ளம் அதிகச் சுமையை வெகுதூரம் தூக்கிப் போகும். மெல்லிய காற்றழுத்தத்தில் நான் முன்பு சொன்ன ஆவிக்குமிழ்கள் இன்னும் சுலபமாகப் பிறக்கும். படைத்தவன் ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொடுத்திருக்கிறான்.

இந்த வெள்ளத் தடங்கள் விண்கலங்களின் தலைவிதியையும் தீர்மானித்திருக்கின்றன. வைக்கிங் 1 தரையிறங்கியை அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டு நாளான 1976 ஜூலை 4 அன்று கிரைசியில் இறக்குவதாக இருந்தது. சுற்றுக்கலன் அந்த இடத்தைப் படமெடுத்தபோது, வெள்ளம் அரித்த கரடுமுரடான தரை தெரிந்தது. நாளை மட்டுமல்ல, இடத்தையும் மாற்றி ஜூலை 20-இல் இறக்கினார்கள். இருபத்தோரு ஆண்டு கழித்து, 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் என்ற கலம் வேண்டுமென்றே வெள்ளத்தின் வாய்க்கே போயிற்று. மாத்யூ கோலம்பெக் தலைமையிலான விஞ்ஞானிகள் ஆரெஸ் தடத்தின் முகத்துவாரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அவர்களது ஊர்தியால் அதிக தூரம் போக முடியாது. ஆனால் வெள்ளம் மேட்டுநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் கற்களை வாரிக்கொண்டு வந்து அங்கே கொட்டியிருக்கும். போகவேண்டிய இடங்களெல்லாம் கல்லுருவில் காலடிக்கே வந்து கிடக்கும் அல்லவா?

கலம் காற்றுப் பைகளுக்குள் சுருண்டு, விழுந்து எழும்பி எழும்பி உருண்டு நின்றது. உள்ளிருந்து 10.6 கிலோ எடையுள்ள சோஜர்னர் என்ற ஆறு சக்கர ஊர்தி இறங்கியது. அது ஏழு நாள் உழைத்தால் போதும் என்று திட்டமிட்டிருந்தார்கள். 83 செவ்வாய் நாட்கள் உழைத்தது. படங்களில் பக்கத்திலேயே ஒரு கற்குவியல். தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரே திசை நோக்கிக் கிடந்தன. காட்டாற்றுப் படுகையில் வெள்ளம் வடிந்த பிறகு கற்கள் இப்படித்தான் சாய்ந்து கிடக்கும். ஓட்டம் போன திசையை அவை காட்டிக்கொடுக்கும். அங்கே காட்டியது ஆரெஸ் வெள்ளம் பாய்ந்திருக்க வேண்டிய அதே வடகிழக்குத் திசை. அந்த நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேயவில்லை என்று பின்னர் கணக்கிட்டார்கள். பூமியில் மழையும் வேரும் மண்புழுவும் நாமும் சேர்ந்து எந்தத் தடயத்தையும் சில லட்சம் ஆண்டுகளில் துடைத்துவிடுகிறோம். அங்கே வெள்ளம் விட்டுப்போன கற்கள் விட்டுப்போன நிலையிலேயே இருக்கின்றன.

எல்லாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. டேவிட் லெவரிங்டன் போன்றோர், நீர்போல் இளகி ஓடும் எரிமலைக் குழம்பே இத்தடங்களை வெட்டியிருக்கலாம் என்று வாதிடுகிறார்கள். காசெய் தடத்திலும் இன்னும் இளைய அத்தபாஸ்கா தடத்திலும் தரையை மூடியிருப்பது எரிமலைப் பாறை என்பது உண்மை. ஆனால் ஒரு பள்ளத்தில் பிற்பாடு ஓடியதைக் கொண்டு, முதலில் அதை வெட்டியது எது என்று சொல்ல முடியாது. அராம் குலைநிலத்தில் ஹெமடைட்டும் நீரேறிய சல்பேட்டுகளும் இருப்பதைச் சுற்றுக்கலன்கள் கண்டிருக்கின்றன. நீரில்லாமல் அவை அங்கே வந்த கதையைச் சொல்வது கடினம்.

நிலத்தடி மட்டுமே வெள்ளத்தின் ஊற்று அல்ல. அதற்கும் முந்தைய காலத்தில் விண்கல் குழிகள் ஏரிகளாக நிறைந்து, விளிம்பு உடைப்பெடுத்து ஓடியிருக்கின்றன. அப்படி உடைந்த ஏரிகள் 260-க்கும் மேல். டிமதி கௌட்ஜும் தோழர்களும் 2021-இல் வெளியிட்ட கணக்கு ஆச்சரியமானது: உடைப்பு வெள்ளம் வெட்டிய பள்ளத்தாக்குகள் மொத்த நீளத்தில் 3 விழுக்காடுதான், ஆனால் பள்ளத்தாக்குகளிலிருந்து அரிக்கப்பட்ட மொத்த மண்ணில் குறைந்தது 24 விழுக்காடு அவற்றின் வேலை. ஏரி உடைப்பு ஆண்டுக்கணக்கில் நீள்வதில்லை, வாரக்கணக்கில் முடிந்துவிடும்.

மாதிம் என்ற பள்ளத்தாக்கு அப்படி ஒரு மாபெரும் ஏரி நிரம்பி வழிந்து வெட்டியதாகக் கருதப்படுகிறது. அது போய் முடியும் குசேவ் குழியில் ஏரி வண்டல் இருக்கும் என்று நம்பி 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ஊர்தியை இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் எங்கும் பசால்ட். வண்டல் இருந்திருந்தாலும் எரிமலைக் குழம்பு அதை மூடிவிட்டது. ஸ்பிரிட் அந்தச் சமவெளியைக் கடந்து அருகிலிருந்த குன்றுகளுக்கு ஏறிய பிறகே நீர் தொட்ட பாறைகள் கிடைத்தன.

அவ்வளவு நீரும் எங்கே போயிற்று? ஒரு பகுதி, சூரியக் காற்று வாயுமண்டலத்தை மெல்ல மெல்ல உரித்தபோது விண்ணுக்குப் போயிற்று. 2014 முதல் மேவன் கலம் அந்தக் கசிவை அளந்தது. ஒரு பகுதி பாறைத் தாதுக்களோடு கலந்து அங்கேயே சிறைப்பட்டது. மீதி துருவங்களிலும் மண்ணுக்கடியிலும் பனிக்கட்டியாக இருக்கிறது. 2008-இல் பீனிக்ஸ் தரையிறங்கி வடதுருவப் பக்கத்தில் சில சென்டிமீட்டர் தோண்டியதுமே வெள்ளைப் பனி தட்டுப்பட்டது.

மங்களப் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். கிரைசிக் கூட்டத்தைச் சேராமல், வெகு தொலைவில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தனியாக இருப்பது அது. அங்கே குலைநிலம் இல்லை. நிலத்தில் நீண்ட வெடிப்பு ஒன்று கிழக்கு மேற்காகப் போகிறது. அதன் வடசுவரில் ஐந்தாறு கி.மீ. அகலத்துக்கு ஒரு வாய். அந்த ஒரே வாயிலிருந்து புறப்பட்ட நீர் வடக்கே ஏறத்தாழ 900 கி.மீ. பாய்ந்து அமேசோனிஸ் சமவெளியில் பரவியிருக்கிறது. ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் எடுத்த வண்ணப் படங்கள் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. பார்க்கிறவர்கள் முதலில் வடக்கே பின்னிக் கிடக்கும் தடங்களில் கண்ணை மேயவிட வேண்டாம். தெற்கே அந்த வாயைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நீர் போன வழியே இறங்கி வாருங்கள். முதலில் ஒரே தடமாக வரும், பிறகு பிரியும், நடுவே திட்டுகளை விட்டுச் சேரும். அந்தத் திட்டுகளின் வால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டொன்றின் நீள அகலத்தை அளவுகோல் வைத்து அளந்தும் பாருங்கள்.